ஆபீஸ் முடிந்து வந்தால் சைக்கிளில் ஏறவே மனசு வரவில்லை, மழைக்காலத்தை எப்படி ஓட்டுகிறீர்கள்?

மேடவாக்கம்_மிதி

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் வரை ஞாயிறு தவறாமல் ஈசிஆரில் மகாபலிபுரம் வரை போய் வந்துகொண்டிருந்தேன், வார நாட்களிலும் விடியற்காலையில் கொஞ்சம் மிதிப்பேன். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் எல்லாம் நின்றுவிட்டது. காலையில் ஏழு மணிக்கே ஆபீஸ் கேப் வந்துவிடும், அதனால் மாலையில்தான் நேரம். சோழிங்கநல்லூரிலிருந்து மழை டிராஃபிக்கில் ஊர்ந்து வீட்டுக்குள் நுழையும்போது ஏழரை ஆகிவிடுகிறது. ட்ரெய்னர் (சைக்கிளை மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதிக்க உதவும் ஸ்டாண்ட்) ஹாலில் தயாராகத்தான் இருக்கிறது. அம்மா காபி கொடுப்பார்கள், உட்காருவேன், போனை எடுப்பேன், அப்புறம் சாப்பாடு. இத்தனை மாதம் சேர்த்த ஸ்டாமினா போய்விடுமே என்று பயமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பயம் காலைத் தூக்கி பெடலில் வைக்க உதவவில்லை.

ஜனவரியில் முதல் 200 கி.மீ. பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) போக ஆசை. பொங்கல் வரை மொத்தமாக ஓய்வு எடுத்தால் என்ன ஆகும்? இல்லை, ஏதாவது வழி இருக்கிறதா?

அடையாறு_அக்கா

தம்பி, உட்கார்ந்த பிறகு யாருக்குத்தான் எழுந்திருக்கத் தோன்றும்? நானும் வேலை முடிந்துதான் மிதிக்கிறேன், எனக்குப் பெரிய வித்தியாசம் கொடுத்தது ஐந்தரை மணிக்கு ஆபீஸிலேயே சாப்பிடும் ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் சுண்டலும். மாலையில் நாம் அசதி என்று நினைப்பது பாதி நாள் பசிதான். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் ஏழரைக்கு வெறும் வயிற்றோடு ட்ரெய்னரைப் பார்த்தால் உடம்பு மாட்டேன் என்றுதான் சொல்லும்.

அடுத்தது, ஷார்ட்ஸ், ஷூ, துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் காலையிலேயே ட்ரெய்னர் பக்கத்தில் எடுத்து வைத்துவிடு. வீட்டுக்குள் வந்ததும் முகம் கழுவி, உடை மாற்றி, நேராக ஏறு. காபியெல்லாம் ட்ரெய்னரை விட்டு இறங்கிய பிறகுதான். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லையென்றால் ஆறுகிறது ஆறுகிறது என்று டம்ளரோடு வந்து நிற்பார்கள்.

ஃபேன் இல்லாமல் மட்டும் மிதிக்காதே. சாலையில் போகும்போது காற்று வியர்வையைக் காயவைக்கும், வீட்டுக்குள் அது கிடையாது. நம் ஊர் புழுக்கத்தில் உடம்பு சூடேறி, அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். சீலிங் ஃபேன் பத்தாது, டேபிள் ஃபேனை மார்புக்கு நேராக வை. பல பேருக்கு ட்ரெய்னர் வெறுத்துப் போவதே இந்தப் புழுக்கத்தால்தான்.

கேடன்ஸ்90

ப்ரோ, அந்தப் பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சுத்தமாக நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, அதனால்தான் இரண்டு வாரம் கழித்து ஏறினால் மூச்சு வாங்குகிறது, அது சீக்கிரம் திரும்பியும் வந்துவிடும். இரண்டு வார ஓய்வு எடுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, மனசுக்கு நல்லதும்கூட. பொங்கல் வரை என்றால் நிறையவே இழப்பீர்கள், அது வேண்டாம்.

ஏற்கனவே இருக்கும் உடல்திறனைக் காப்பாற்ற, அதைச் சேர்த்தபோது செய்த அளவு உழைப்பு தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் போதும், ஆனால் அந்த இரண்டு நாளும் கொஞ்சம் வலிக்கிற மாதிரி மிதிக்க வேண்டும், நேரத்தைக் குறைக்கலாம், தீவிரத்தைக் குறைக்கக் கூடாது. 10 நிமிடம் மெதுவாக, அப்புறம் பேச முடியாத அளவுக்கு 3 நிமிடம், 3 நிமிடம் இளைப்பாறல், இப்படி நான்கு முறை, கடைசியில் 5 நிமிடம் லேசாக. நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், எட்டேகாலுக்குக் குளித்துவிடலாம். தினமும் ஒரு மணி நேரம் என்று திட்டம் போட்டால் இரண்டாவது வாரமே கைவிட்டுவிடுவோம்.

200 பிஆர்எம்முக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். நிற்கிற நேரத்தையும் சேர்த்து சராசரி 15 கி.மீ. வேகம்கூட வேண்டாம். அங்கே சோதிக்கப்படுவது வேகத்தைவிட உட்காரும் இடமும் கழுத்தும் உள்ளங்கையும்தான், அதை ட்ரெய்னரில் பழக முடியாது. மழை விட்ட ஞாயிறு எது கிடைத்தாலும் நான்கைந்து மணி நேரம் வெளியே போய்விடுங்கள்.

ஏலகிரி_ஏறுவோம்

எனக்கு ட்ரெய்னர் ஒத்துவரவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு மிதிப்பது செக்குமாடு சுற்றுகிற மாதிரி இருக்கிறது. உங்களுக்கும் அப்படி என்றால் மாலையில் சைக்கிளையே விட்டுவிட்டு ஸ்குவாட், லன்ஜ் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்குவது), பிளாங்க் என்று காலுக்கும் வயிற்றுக்கும் பலம் தரும் பயிற்சிகளை அரை மணி நேரம் செய்யுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அதன் அருமை தெரியும். மழைக்காலத்தை இதற்குப் பயன்படுத்தாமல் வேறு எப்போது பயன்படுத்துவது?

ஒன்றே ஒன்று. மனசு கேட்கவில்லை என்று இரவில் வெளியே கிளம்பிவிடாதீர்கள். நவம்பரில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது, தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறதா, மூடியில்லாத குழி இருக்கிறதா என்று எந்த லைட்டும் காட்டாது. மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். மார்கழி வரட்டும், மழையும் குறையும், விடியற்காலையில் குளிராகவும் இருக்கும், லீவு நாட்களில் ஈசிஆர் போகலாம்.

மேடவாக்கம்_மிதி

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய், வியாழன் இரண்டு நாள் மட்டும் வைத்துக்கொள்கிறேன், சுண்டலும் உண்டு அக்கா. ட்ரெய்னரில் வியர்வை கொட்டுகிறதே, ஃபிரேமுக்கு ஏதும் ஆகாதா?

அடையாறு_அக்கா

ஆகும். வியர்வை உப்பு ஹெட்செட்டுக்குள்ளும் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்), ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட்டிலும் இறங்கித் துருப்பிடிக்க வைக்கும். ஹேண்டில்பாரிலிருந்து சீட் வரை ஒரு துண்டை விரித்துக் கட்டிவிடு, இறங்கியதும் ஈரத்துணியால் துடைத்துவிடு. ஹேண்டில்பாரில் சுற்றியிருக்கும் டேப்புக்கு அடியிலும் உப்பு சேரும், பொங்கலுக்கு முன்னால் பிரித்துப் பார்த்துப் புதுசு சுற்றிக்கொள்.