படம் போட்டா புரியுதுங்குறாங்க, ஆனா கணக்கு வரமாட்டேங்குது. என்ன பண்ணலாம்?

மேலவீதி_டியூஷன்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்லயே ஆறாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் டியூஷன் எடுக்குறேன், எல்லாம் தமிழ் மீடியம் பசங்க. படம் காட்டி சொல்லிக்கொடுத்தா நல்லா மனசுல பதியும்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு அனிமேஷன் வீடியோ, புத்தகத்துல க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணா வர்ற வீடியோ, கலர் சார்ட், மைண்ட் மேப்னு எல்லாம் பண்றேன். பாக்கும்போது "புரிஞ்சிருச்சு மிஸ்" தான். அப்புறம் கணக்கு கொடுத்தா கதை வேற.

நேத்து கொடுத்தது இது: குமார் தன்கிட்ட இருந்த பணத்துல 2/5 பங்கு செலவு பண்ணிட்டான், மீதியில 1/3 பங்கை தம்பிக்கு கொடுத்தான், இப்ப கையில 80 ரூபா இருக்கு, முதல்ல எவ்ளோ இருந்துச்சு? பாதி பேருக்கு மேல 2/5ஐயும் 1/3ஐயும் கூட்டி 11/15, மீதி 4/15, அது 80, அப்போ மொத்தம் 300னு போட்டு வச்சிருக்காங்க. விடை வேற அழகா முழு எண்ணா வந்து தொலைக்குது, அதனால ஒருத்தனுக்கும் சந்தேகமே வரல. இத்தனைக்கும் பீட்சாவ வெட்டி பின்னம் சொல்லித்தர்ற வீடியோ எல்லாரும் பாத்தவங்கதான். படத்த எப்படி யூஸ் பண்ணா யோசிக்க வைக்கும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சிங்கை_அம்மா:

மிஸ், இங்க சிங்கப்பூர்ல தொடக்கப்பள்ளி பிள்ளைங்க இந்த மாதிரி கணக்க பார் மாடல், அதாவது பட்டை படம் வச்சுதான் போடுவாங்க, அல்ஜீப்ரா வர்றதுக்கு முன்னாடியே. 1980கள்ல கல்வி அமைச்சுல கோ டெக் ஹாங் தலைமையில ஒரு குழு உருவாக்குனது, முதல்ல கையில பொருள், அப்புறம் படம், அப்புறம்தான் எண்ணும் குறியும்னு போற வழி, ஜெரோம் புரூனர்ங்குற உளவியலாளரோட சிந்தனைல இருந்து வந்தது. 1995ல பல நாட்டு பிள்ளைங்களுக்கு கணக்கு, அறிவியல்ல நடந்த டிம்ஸ் தேர்வுல சிங்கப்பூர் கணக்குல முதல் இடம் வந்தப்புறம் வெளிநாட்டுலயும் இத தேட ஆரம்பிச்சாங்க. (அந்த முதல் இடத்துக்கு இது மட்டும் காரணம் இல்ல, இங்க டியூஷன் வெறி எப்படின்னு உங்களுக்கு தெரியாது 😄)

உங்க கணக்கையே எடுங்க. ஒரு நீளமான பட்டை போட்டு 5 சம கட்டமா பிரிக்க சொல்லுங்க. 2 கட்டத்த அடிச்சாச்சு, செலவு. மிச்சம் 3 கட்டம். "மீதியில 1/3"ன்னா இப்ப எந்தக் கட்டம்னு கேளுங்க, நீங்க சொல்லாதீங்க. அந்த மூணுல ஒண்ணுன்னு பிள்ளையே விரல் வச்சு காட்டும். அதையும் அடிச்சா 2 கட்டம், அது 80, ஒரு கட்டம் 40, மொத்தம் 200. கூட்டி 11/15னு போட அங்க வழியே இல்ல, ஏன்னா 1/3 எதோட 1/3ன்னு பட்டைல கண்ணு முன்னாடி இருக்கு.

இது ஈஸியா வந்ததும் 1/3ஐ 1/4னு மாத்துங்க, கையில 90 ரூபான்னு வைங்க. மூணு கட்டத்துல கால் பங்கு எப்படி எடுக்குறதுன்னு திணறுவாங்க, அந்த திணறல்தான் வேணும், அவசரப்பட்டு காப்பாத்தாதீங்க. ஒவ்வொரு கட்டத்தையும் நாலா வெட்டணும்னு யாராவது ஒருத்தர் கண்டுபிடிப்பாங்க, அப்ப மொத்தம் 20 துண்டு ஆகும், பின்னத்த பெருக்கும்போது கீழ இருக்குற 5ஐயும் 4ஐயும் ஏன் பெருக்குறோம்னு அங்கயே தெரிஞ்சிரும். முக்கியமா பட்டைய பிள்ளைதான் போடணும், நீங்க போர்டுல போட்டு அத காப்பி பண்ண சொன்னா அதுவும் இன்னொரு வீடியோதான்.

ஒன்பதாவது_சயின்ஸ்_சார்:

மேல சொன்னதோட முழுசா ஒத்துப்போறேன், ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு மிஸ். படமே பசங்கள தப்பா யோசிக்க வைக்கும்.

கோடையில ஏன் வெயில்னு கேட்டுப்பாருங்க, பூமி சூரியனுக்கு பக்கத்துல வருதுன்னு சொல்லுவாங்க. எங்கருந்து வருது இது? புத்தகத்துல பூமி சுத்துற பாதைய சாய்வான கோணத்துல பாக்குற மாதிரி வரைஞ்சிருப்பாங்க, அது முட்டை மாதிரி நீண்டு தெரியும், ஒரு ஓரத்துல பூமி சூரியன ஒட்டி நிக்கும். உண்மையில பூமி சூரியனுக்கு ரொம்ப பக்கத்துல வர்றது ஜனவரி முதல் வாரத்துல, அதாவது நம்ம மார்கழிப் பனியில, அப்ப தூரம் சுமார் 14.7 கோடி கி.மீ. ரொம்ப தள்ளிப் போறது ஜூலை ஆரம்பத்துல, சுமார் 15.2 கோடி. இத சொன்னதும் கிளாஸ்ல ஒரு பெரிய "என்னது!" வரும் பாருங்க.

அதோட விடாம அளவோட வரைய சொல்லுவேன். காம்பஸ்ல 10 செ.மீ ஆரம் வச்சு ஒரு வட்டம், சூரியன நடுப்புள்ளில இருந்து ஒன்றரை மி.மீ.க்கு கொஞ்சம் கூட தள்ளி வை, அவ்ளோதான், பூமியோட பாதை ரெடி. சரியான நீள்வட்டம் போட்டாலும் பென்சில் கோட்டு தடிமன்ல வித்தியாசமே தெரியாது. அப்புறம் வெயிலுக்கு காரணம் என்னன்னு அவங்களே கேப்பாங்க, அப்ப டார்ச்சையும் பந்தையும் எடுத்து அச்சு சாய்வ காட்டலாம்.

தூரம் நேரம் கிராஃபும் இதே கதைதான். கோடு ஏறி, படுத்து, இறங்குனா "மலை ஏறுறான், சமதரையில நடக்குறான், இறங்குறான்"னு எழுதுவாங்க. படுத்த கோடுன்னா ஆளு அப்படியே நிக்குறான்னு தோணவே தோணாது. வராண்டால மீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு ஒரு பையன நடக்க விட்டு, நிக்க விட்டு, திரும்பி வர விட்டு, இன்னொருத்தன் செல்போன் ஸ்டாப்வாட்ச் பாத்து சொல்ல சொல்ல மத்தவங்க புள்ளி வச்சா அரை பீரியட்ல சரியாயிடும். நடக்குறதுக்கு முன்னாடியே கோடு எப்படி வரும்னு ஒரு துண்டு பேப்பர்ல வரைஞ்சு வாங்கி வச்சிக்கோங்க. முன்கூட்டியே யூகிக்காம பாத்தா சினிமா பாத்த மாதிரிதான்.

பின்_பெஞ்ச்:

இப்ப நான் கொஞ்சம் திட்டு வாங்கப்போறேன். "உங்க பையன் விஷுவல் லேர்னர், படமா பாத்தாதான் அவனுக்கு ஏறும், அதுக்கேத்த பேக்கேஜ் இருக்கு"ன்னு பேரண்ட்ஸ்கிட்ட காசு பிடுங்குற கூட்டம் ஒண்ணு சுத்துது, அத நம்பாதீங்க. 2008ல ஹரால்ட் பாஷ்லர்ங்குற உளவியலாளரோட குழு இருக்குற ஆராய்ச்சியெல்லாம் அலசிப் பாத்துட்டு, ஆளுக்கேத்த ஸ்டைல்ல சொல்லிக்கொடுத்தா நல்லா கத்துப்பாங்கங்குறதுக்கு சரியான ஆதாரம் இல்லன்னு எழுதிட்டாங்க. படம் எல்லாருக்கும் உதவும், ஆனா விஷயத்துக்கு ஏத்த படமா இருக்கணும்.

மைண்ட் மேப் பத்தியும் ஒண்ணு. 2011ல சயின்ஸ் இதழ்ல கார்ப்பிக்கி, பிளன்ட்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரு சோதனை போட்டாங்க. ஒரு குரூப் பாடத்த பக்கத்துல வச்சுக்கிட்டே கான்செப்ட் மேப் (மைண்ட் மேப் மாதிரி, கருத்துகள கோடு போட்டு இணைக்குற படம்) வரைஞ்சது, இன்னொரு குரூப் பாடத்த மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்தது. ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட்ல எழுதிப் பாத்த குரூப்தான் மேல. அதனால மைண்ட் மேப்ப விட்டுறாதீங்க, புத்தகத்த மூட சொல்லிட்டு வரைய சொல்லுங்க, அப்புறம் தொறந்து விட்டுப்போனத வேற பேனால சேர்க்கட்டும். வீடியோல ஓடுற பின்னணி மியூசிக், சம்பந்தமில்லாத கார்ட்டூன் இதெல்லாம் கத்துக்குறத குறைக்குதுன்னு ரிச்சர்ட் மேயர்ங்குற கல்வி உளவியலாளரும் காட்டியிருக்கார், மியூட் பண்ணிட்டு நீங்களே பேசுங்க.

மேலவீதி_டியூஷன்:

அடேங்கப்பா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு சாயங்காலமே பட்டை போட வச்சேன். ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, பொம்பளப்பிள்ளைங்க சில பேரு ஸ்கேல், ஸ்கெட்ச் பேனா எல்லாம் எடுத்து பார்டர் போட்டு பூ வரைஞ்சு கட்டத்துக்கு கலர் அடிச்சே கால் மணி நேரம் போயிடுச்சு. இன்னொண்ணு, பரீட்சைல இந்த பட்டைக்கு மார்க் போடுவாங்களான்னு ஒரு அப்பா போன் பண்ணி கேக்குறார்.

அப்புறம் ஒரு பிள்ளைக்கு பார்வை ரொம்ப கம்மி, அவளுக்கு என்ன பண்றதுன்னு தெரியல.

ஒன்பதாவது_சயின்ஸ்_சார்:

ஸ்கேல், ஸ்கெட்ச் ரெண்டுக்கும் தடை 😀 பென்சில், ரஃப் நோட்டு, கை போன போக்குல கோடு. ஆனா கட்டம் மட்டும் ஏறக்குறைய சமமா இருக்கணும். மார்க் விஷயத்துல அந்த அப்பாகிட்ட நேரா சொல்லிடுங்க, பட்டைய வலது ஓரத்துல உத்திக்கணக்கு பகுதில போடட்டும், விடைய ஸ்டெப் ஸ்டெப்பா வழக்கம்போல எழுதட்டும். 3/5 இன் 1/3 = 1/5னு முதல் வரி எழுத எங்க இருந்து வந்துச்சுன்னு அவனுக்கு தெரிஞ்சா போதும்.

பார்வை குறைஞ்ச பிள்ளைக்கு தீப்பெட்டி அஞ்சு வரிசையா அடுக்குங்க, செலவானத கையால எடுத்துடட்டும். கிராஃபுக்கு அட்டைல ஃபெவிகால் தடவி சணல் நூல் ஒட்டி காய விட்டா விரல்ல தடவிப் பாக்கலாம். பாத்துட்டே இருங்க, மத்த பசங்களும் தீப்பெட்டி கேப்பாங்க.

ரெண்டு_பிள்ளைக்கு_அப்பா:

சும்மா படிச்சிட்டு போக வந்தேன், பையன உக்கார வச்சு அந்த 1/4, 90 ரூபா கணக்க கொடுத்தேன். ரொம்ப நேரம் முழிச்சான், அப்புறம் அவனே கட்டத்த வெட்டி 9 துண்டு 90, ஒரு துண்டு 10, 20 துண்டு 200னு சொல்லிட்டான். சரிதானே சிங்கை அம்மா? அடுத்தது கேக்குறான்.

சிங்கை_அம்மா:

ரொம்ப சரி! இத கொடுங்க: அதே 2/5 செலவு, மீதியில 1/4 தம்பிக்கு, அதுக்கு மேல 30 ரூபா பஸ்ஸுக்கு போச்சு, கையில 150. முதல்ல எவ்ளோ? 30ஐ பட்டைல எங்க வைக்குறான்னு மட்டும் பாருங்க, வாய தொறக்காதீங்க.

ரெண்டு_பிள்ளைக்கு_அப்பா:

400ங்குறான். 30ஐ 150ஓட ஒட்டி வச்சு 9 துண்டு 180ன்னு போட்டான். இப்ப என்கிட்ட "நீங்க போடுங்கப்பா"ன்னு ஒரு கணக்கு எழுதி நீட்டுறான், நான் எக்ஸ் போட்டு சமாளிக்க பாத்தா ஒத்துக்க மாட்டேங்குறான், பட்டை போடணுமாம்.