எழுந்து நின்றால் ஆடுகிறது: ஃப்ளை ஃபிஷிங்குக்கு எந்தக் கயாக் எடுக்கலாம்?

கேட்டவர்:
நண்பர்களே, வணக்கம். மூன்று வருடமாகக் கரையில் நின்றும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியும் ஃப்ளை (பூச்சி போலச் செய்த தூண்டில் முள்) வீசி வருகிறேன். போன மாதம் பழைய கயாக் (துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகு) ஒன்று கைக்கு வந்தது. 10 அடி நீளம், 30 இன்ச் அகலம், மேலே உட்காரும் வகை. உட்கார்ந்திருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. நின்றால்தான் வம்பு. முதல் அரை மணி நேரம் எப்படியோ சமாளிக்கிறேன். நேரம் போகப்போக ஆட்டம் கூடிக்கொண்டே போகிறது. நேற்று லைனை, அதாவது தூண்டில் நூலை, பின்னால் இழுத்து வீசும்போது இடது பக்கம் சாய்ந்தது, சாய்ந்தது சாய்ந்ததுதான். நான் தண்ணீரில். ராட் தப்பியது, ஃப்ளை பெட்டி போயே போய்விட்டது.

என் எடை 82 கிலோ, சாமான் ஒரு 12 கிலோ. ஏரியிலும் மெதுவாக ஓடும் ஆற்றிலும்தான் போவேன். நின்று வீசத் தோதாக வேறு வாங்கலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு அகலம் வேண்டும்? காலால் மிதித்து ஓட்டும் பெடல் வைத்தது நல்லதா?

அகலப்படகு:
30 இன்ச்சில் நின்று வீசுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் மீனைவிடக் காலைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கும். 34-க்குக் கீழே போக வேண்டாம் என்பேன்.

விற்பவர் "ரொம்ப ஸ்டேபிள்" என்றால், எந்த ஸ்டேபிள் என்று கேளுங்கள். அடிப்பாகம் தட்டையாக இருந்தால் ஏறியதும் மேசைமேல் நிற்பது போல இருக்கும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் எச்சரிக்கையே இல்லாமல் கவிழ்த்துவிடும். உருண்ட அடிப்பாகம் இதற்கு நேர்மாறு: தொட்டதற்கெல்லாம் நெளியும், ஆனால் நன்றாகச் சாய்ந்த பிறகும் உங்களைப் பிடித்து நிறுத்தும். நின்று வீசுபவருக்கு இரண்டுமே கொஞ்சம் வேண்டும். அதனால்தான் நடுவில் பள்ளம் ஓட, இரு பக்கமும் கால் ஊன்றியது போன்ற அடிப்பாகத்தை இப்போது நிறையப் பேர் தேடுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'கேட்டமரான்'. நம் கட்டுமரம்தான் அங்கே போய் இரட்டைப் படகு ஆகிவிட்டது!

அகலத்துக்கு ஒரு கணக்கு: ஹோபி ப்ரோ ஆங்லர் 14 என்ற மாடல் 38 இன்ச். நூகனூ ஃப்ரண்டியர் 12 அதையும் தாண்டி 41 இன்ச். இவற்றில் நிற்பது சுகம், ஆனால் தள்ளுவது வேலை. வேகம் குறையும், எடை கூடும். 230 செ.மீ. துடுப்பு பக்கவாட்டில் இடிக்கும், 250 அல்லது 260 வேண்டியிருக்கும்.

ஓட்டைதேடி:
புதுசு வாங்கும் பேச்சைக் கொஞ்சம் நிறுத்துங்கள். "நேரம் போகப்போக ஆட்டம் கூடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யாரும் கவனிக்கவில்லையா? கயாக்கின் அகலம் அரை மணி நேரத்தில் குறைந்துவிடாது. உள்ளே தண்ணீர் போகிறது.

கூட்டுக்குள் ஐந்தாறு லிட்டர் இருந்தாலே போதும். நீங்கள் இடது பக்கம் சாய்ந்தால் அந்தத் தண்ணீரும் இடது பக்கம் ஓடி இன்னும் கீழே அழுத்தும். அதனால்தான் நிமிரவில்லை. கரையேற்றி, தண்ணீரை வடிக்கும் அடைப்பான ட்ரெயின் பிளக்கைத் திறந்து சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் வந்தால் பிளக்கின் வாஷர், மூடியின் விளிம்பு, ஸ்குரூ போட்ட இடங்கள், தளத்திலிருந்து அடிவரை போகும் ஸ்கப்பர் துளைகள் எல்லாவற்றையும் சோதியுங்கள். வழி தெரியாவிட்டால் உள்ளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிச் சாய்த்துச் சாய்த்து, வெளியே எங்கே கசிகிறது என்று தடவிப் பாருங்கள்.

கேட்டவர்:
அண்ணா, அரை வாளி வந்தது! பின்பக்க ஸ்கப்பர் துளைக்குள் தலைமுடி போல ஒரு விரிசல். தள்ளுவண்டியின் கம்பியை அந்தத் துளையில்தான் செருகுவேன். சாதாரணப் பசை போட்டு அடைக்கலாமா?

ஓட்டைதேடி:
வண்டிக் கம்பிதான் குற்றவாளி. மொத்தப் பாரமும் அந்தத் துளையில் இறங்கும். பட்டை போட்டுக் கட்டும் வண்டிக்கு மாறுங்கள். கயாக் பாலிஎதிலீன் என்றால் சாதாரணப் பசை ஒட்டாது, நாலு நாளில் பெயர்ந்துவிடும். அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும். தாங்கும் எடை எவ்வளவு என்று போட்டிருக்கிறது?

கேட்டவர்:
136 கிலோ.

ஓட்டைதேடி:
அது மிதக்கும் கணக்கு, நிற்கும் கணக்கு இல்லை. மூன்றில் இரண்டு பங்குக்குள் இருப்பது நல்லது. அதாவது 91. நீங்களும் சாமானும் சேர்ந்து 94. உள்ளே புகுந்த தண்ணீர் வேறு. விரிசலை அடைத்தாலும் அதில் நின்று வீசுவது இழுபறிதான்.

நின்றுவீசி:
அகலத்தைப் பற்றியே பேசுகிறோம், லைனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கையால் இழுத்த லைன் காலடியில்தான் வந்து விழும். தளத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் அதைப் பிடிக்கும்: ராட் ஹோல்டர், கால் மிதி, பக்கிள். அதிலும் பெடல் இருக்கிறதே, லைன் சுற்றிக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நல்ல மீன் ஓடும்போதுதான் சரியாகச் சிக்கும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. கயாக் தரையில் இருக்கும்போதே ஏறி நின்று 10 மீட்டர் லைனை உருவிக் காலடியில் போடுங்கள். சரசரவென்று வெளியே இழுங்கள். எத்தனை இடத்தில் சிக்குகிறது என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் வலைத்துணி விரித்து மூடிவிடலாம். ஏழெட்டு என்றால் வேறு கயாக் பாருங்கள். நான் வெறுங்காலோடுதான் நிற்பேன், லைனை மிதித்தால் உடனே தெரியும்.

வீசும் திசையும் முக்கியம். முன்முனையை 12 மணி என்று வைத்துக்கொண்டால் 10-க்கும் 2-க்கும் நடுவில் வீசுங்கள். நேர் பக்கவாட்டில் வீசினால் கையின் உதறல் முழுக்கப் படகைத்தான் ஆட்டும். அப்புறம், கண்ணைக் காலில் வைக்காதீர்கள், தூரத்தில் வையுங்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். ஆற்றில் நங்கூரத்தை ஒருபோதும் பக்கவாட்டிலிருந்து போடாதீர்கள், ஓட்டம் கவிழ்த்துவிடும். முன்முனையோ பின்முனையோ, சட்டென்று கழற்றிவிடும்படி இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் நேற்று போட்டிருந்தீர்கள்தானே?

கேட்டவர்:
போட்டிருந்தேன். ஆனால் திரும்ப ஏறத்தான் படாத பாடு பட்டேன்.

நின்றுவீசி:
அதை முதலில் இடுப்பளவு தண்ணீரில் பழகுங்கள். பக்கவாட்டில் பிடித்துக் காலை உதைத்து, வயிறு தளத்தின் குறுக்கே வரும்படி ஏறி, அப்புறம் புரண்டு உட்கார வேண்டும். அகலமான கயாக் தலைகீழானால் திருப்புவது இன்னும் கஷ்டம். அதையும் பழகிவிட்டே ஆழத்துக்குப் போங்கள்.

கேட்டவர்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தெரிந்தவரிடம் 36 இன்ச் பெடல் கயாக் ஒன்றை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தாலும் அசையவில்லை. ஆனால் லைன் பெடலில் நாலு முறை சிக்கியது. வண்டி மேல் ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. நான் போவதோ தனியாக. 34 இன்ச், பெடல் இல்லாதது, தளம் வெறுமையாக இருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். பழையதை வெல்டிங் செய்தாயிற்று, தண்ணீர் புகவில்லை. உட்கார்ந்து வீச அது போதும்.

அகலப்படகு:
நல்ல முடிவு. புதுசில் ஏறும்போது ஃப்ளை பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வையுங்கள்.