குரோஷியாவுல ஒரு வாரம் தனிப் பாய்மரப் படகு: பாதிப் பணம் கட்டியாச்சு, இப்ப புதுசா ஒரு பட்டியல் வருது. உதவி!

அவசரம்_ஆறுமுகம்
நாங்க ஆறு பேர். குரோஷியாவுல தீவு தீவா சுத்த ஒரு வாரத்துக்குப் படகு பேசி 50% கட்டிட்டோம். இப்ப ஏஜென்ட் டிரான்சிட் லாக் (படகோட காகித வேலைக்கான கட்டணம்), கடைசி நாள் சுத்தம், டிங்கி (கரைக்குப் போற சின்னப் படகு) மோட்டார், டெபாசிட் 2,500 யூரோன்னு தனியா பட்டியல் அனுப்பியிருக்கார். கூடவே "ஸ்கிப்பர் (படகை ஓட்டுறவர்) எங்க படுப்பார்?"னு கேட்கிறார். அது அவர் கவலைதானே? இது ஏமாத்து வேலையா? பாத்ரூம், சாப்பாடு, வாந்தி இதெல்லாம் எப்படி இருக்கும்னும் சொல்லுங்க. நாளைக்குள்ள பதில் தரணும்.

உப்புக்காத்து
எந்த மாசம்? எந்த ஊர்ல படகு ஏறுறீங்க? ஒரே உடம்பு உள்ள படகா, ரெட்டை உடம்பு கேட்டமரானா? எத்தனை கேபின்? ஸ்கிப்பர் கூலி அந்தப் பணத்துல சேர்த்தியா? நீச்சல் தெரியாதவங்க, குழந்தைங்க உண்டா? இது ஒண்ணுமே சொல்லாம என்னன்னு பதில் சொல்றது?

மூத்த_மாலுமி
இதே கேள்வி கோடை வந்தா வாராவாரம் இங்க வருது. பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்ல. ஒப்பந்தத்துல "கட்டாயக் கூடுதல் செலவு"ன்னு ஒரு பத்தி இருக்கும். கையெழுத்துக்கு முன்னாடி படிக்கவேண்டியதை இப்பவாவது படிங்க தம்பி.

அவசரம்_ஆறுமுகம்
ஸ்ப்ளிட். ஜூலை. 3 கேபின். எங்க யார்கிட்டயும் லைசென்ஸ் இல்ல.

துடுப்பு
ஏமாத்து இல்ல. அங்க எல்லா நிறுவனமும் படகு வாடகையைத் தனியாவும் சுத்தம், படுக்கை விரிப்பு, கேஸ், டிங்கி மோட்டார், சுற்றுலா வரி இதையெல்லாம் தனியாவும்தான் காட்டுவாங்க. பெரும்பாலும் படகுத்துறையில நேர்ல கட்டணும். டெபாசிட்டை கிரெடிட் கார்டுல பிடிச்சு வெச்சு, படகு சேதமில்லாம திரும்பினா விட்டுடுவாங்க. டெபிட் கார்டு பல இடத்துல எடுக்கமாட்டாங்க. இந்திய கார்டுன்னா வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வரம்பையும் கிளம்புறதுக்கு முன்னாடியே ஏத்திடுங்க. "டெபாசிட் காப்பீடு"ன்னு ஒண்ணு விப்பாங்க. அதுல போடுற காசு திரும்பாது, ஆனா பிடிச்சு வெக்கிற தொகை குறையும்.

ஸ்கிப்பர் விஷயம்தான் உங்க உண்மையான சிக்கல். 3 கேபின்ல ஆறு பேர் படுத்தா ஏழாவது ஆள் நடுக்கூடத்துல, சாப்பாட்டு மேஜையை இறக்கிப் போட்ட மெத்தையிலதான் படுக்கணும். அவர் தூங்குறப்ப நீங்க காபி போட முடியாது, நீங்க ராத்திரி பேசிட்டிருந்தா அவர் தூங்க முடியாது. தூங்காத ஆளு மறுநாள் 25 நாட் (நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) காத்துல படகு ஓட்டுறது யாருக்கும் நல்லதில்ல. நிறைய ஸ்கிப்பர்கள் தனிக் கேபின் இல்லாட்டி வரவே மாட்டாங்க. 4 கேபின் படகுக்கு மாத்த முடியுமான்னு இன்னிக்கே கேளுங்க. மீதிப் பணம் கட்டுற வரைக்கும்தான் பேரம் பேச வழி.

ஸ்கிப்பருக்கு நாளுக்கு சுமார் 200 யூரோ, மூணு வேளை சாப்பாடும் உங்க செலவு. அவர் சமைக்கமாட்டார், பாத்திரம் கழுவமாட்டார். அதுக்கு ஆள் வேணும்னா தனிச் சம்பளம், தனிப் படுக்கை.

பாய்மரப்புறா
வாந்தியா? கேட்டமரான் எடுங்க, முடிஞ்சது கதை. சாயவே சாயாது.

உப்புக்காத்து
சாயாது, ஆனா எதிரலையில வெடுக்கு வெடுக்குன்னு உலுக்கும். சிலருக்கு அந்த உலுக்கல்தான் குமட்டும். ஒத்தை உடம்புப் படகு ஒரு பக்கமா சாஞ்சு ஒரே சீரா போகும். படகை மாத்தி வாந்தியை நிறுத்த முடியாது ப்ரோ. கீழ கேபின்ல போய் போன் பார்க்காம, மேல உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்க. மாத்திரை போடுறவங்க டாக்டரைக் கேட்டு, கிளம்புறதுக்கு முன்னாடியே போடணும். வாந்தி தொடங்கினப்புறம் மாத்திரை உள்ள நிக்காது.

பாய்மரப்புறா
கேட்டமரான்ல இடம் ரெட்டிப்பு, ஸ்கிப்பர் பிரச்சினையும் அதோட தீரும். ஜூலைக்கு அதை விட்டு வேற எதுவும் சரியில்ல.

மூத்த_மாலுமி
கட்டணமும் கிட்டத்தட்ட ரெட்டிப்பு, மரீனாவுல (படகுத்துறை) நிறுத்துற கூலியும் கூட. சும்மா சொல்லிட்டுப் போறது சுலபம்.

ஜூரிச்_வாசகி
இரண்டு பேரும் பிறகு சண்டை பிடியுங்கோ. அவர் பாத்ரூமைப் பற்றிக் கேட்டவர், ஒருவரும் சொல்லேல்லை.

டொய்லெட் சின்னக் கிண்ணம், பக்கத்தில கைபம்ப். சில படகில மின்சாரப் பொத்தான். கைபம்ப் எண்டால் ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதைத் தண்ணி வரும் பக்கம் வைச்சு பத்துப் பதினைஞ்சு தரம் அடிச்சு, பிறகு உலர் பக்கம் மாத்தித் திரும்ப அடியுங்கோ. குறைச்சு அடிச்சால் கழிவு குழாய்க்குள்ளயே நிண்டு அடைக்கும். பேப்பர், நாப்கின் ஒண்டும் போடக்கூடாது, அதுக்குத் தனிப் பை வைச்சிருங்கோ. அடைச்சுப் போனால் அந்தச் செலவு உங்கட டெபாசிட்டில கழியும். எங்கட ஆக்களுக்கு ஒரு வசதி: முகம் கழுவுற குழாயை வெளியில இழுத்தால் அதுதான் கைஷவர், கழுவவும் உதவும். ஆனால் தண்ணி தரையில தேங்கும், சுவரில இருக்கிற பம்ப் பொத்தானை அமத்தினால்தான் வடியும். கழிவுத் தொட்டியை விரிகுடாவுக்குள்ள திறக்கக்கூடாது, வெளிக்கடலுக்குப் போன பிறகுதான்.

அந்த அளவுப் படகில நல்ல தண்ணி 350 முதல் 500 லிட்டர். ஏழு பேர் வீட்டில மாதிரிக் குளிச்சால் இரண்டு நாளில முடிஞ்சிடும். கடலில குளிச்சு, பின்பக்க ஷவரில அரை நிமிசம் உப்பைக் கழுவுங்கோ. சுவர் பிளக்கில கரையில கேபிள் போட்டால்தான் 220 வோல்ட் வரும், இன்வெர்ட்டர் இருந்தால் ஒழிய. நடுக்கடலில போனுக்கு 12 வோல்ட் சார்ஜர் கொண்டு போங்கோ.

அவசரம்_ஆறுமுகம்
நன்றி. ரெண்டு பேருக்கு நீச்சல் தெரியாது, சொல்ல மறந்துட்டேன். ஒரு பையன் 7 வயசு. எட்டு நாள் திட்டம் போட்டிருக்கோம், வெள்ளிக்கிழமை விஸ் தீவுல தங்கல்.

துடுப்பு
அந்தத் திட்டம் நடக்காது. அங்க வாடகை சனிக்கிழமையிலருந்து சனிக்கிழமை. முதல் சனி சாயங்காலம் 5 மணி வாக்குல படகு கைக்கு வரும். மறுசனி காலை 9 மணிக்குள்ள இறங்கணும், ஆனா வெள்ளி சாயங்காலமே துறைக்குத் திரும்பியிருக்கணும். ஆக, ஓட்டம் ஞாயிறுலருந்து வெள்ளி வரைக்கும்தான். டீசலை நிரப்பித் திருப்பித் தரணும், வெள்ளி மதியம் பங்க்ல வரிசை ஒரு மணி நேரம் நிக்கும். விஸ்லருந்து ஸ்ப்ளிட் கிட்டத்தட்ட 30 கடல் மைல். 5, 6 நாட் வேகத்துல அஞ்சு ஆறு மணி நேரம் ஆகும். விஸ்ஸை செவ்வாய், புதன்ல முடிச்சுட்டு ஹ்வார், பிராச் தீவுன்னு ஸ்ப்ளிட் கிட்ட வாங்க.

பையனுக்கு லைஃப் ஜாக்கெட்டை எடையைச் சொல்லி முன்கூட்டியே கேளுங்க, பக்கக் கம்பிக்கு வலை கட்டவும் சொல்லுங்க. படகுல தர்ற தானா ஊதுற ஜாக்கெட் நீந்துறதுக்கில்ல, தண்ணி பட்டதும் வெடுக்குன்னு விரிஞ்சிடும். நீச்சல் தெரியாதவங்க குளிக்க நுரை ஜாக்கெட் தனியா வேணும். கரையோரம் கடல் முள்ளெலி நிறைய, ரப்பர் செருப்பு எல்லாருக்கும். உருட்டுப் பெட்டி வேண்டாம், மடிக்க முடியாது, வைக்க இடமும் கிடையாது. துணிப்பை கொண்டு போங்க.

காத்து_பாத்து
யாரும் காத்தைப் பேசலையே. பட்டியலை விட அதுதான் உங்க வாரத்தை முடிவு பண்ணும். ஜூலையில வழக்கமா வர்றது மாயேஸ்ட்ரால்: வடமேற்கிலருந்து மதியம் கிளம்பி, சூரியன் இறங்கறப்ப அடங்கும். நல்ல காத்து. புரா வடகிழக்கிலருந்து, வானம் பளிச்சுன்னு இருக்கும்போதே மலையிறங்கி அறையும். யூகோ தென்கிழக்கு: புழுக்கமா மூடி, ஒண்ணு ரெண்டு நாள்ல அலையைக் கட்டும். விஸ் ஊர்த் துறை வடகிழக்கைப் பார்த்துத் திறந்திருக்கு, புரா அடிச்சா அங்க தூக்கம் போச்சு. அதே தீவுல இன்னொரு துறை கோமிஷா, அது மேற்கைப் பார்த்தது. "இன்னிக்கு வேண்டாம்"னு ஸ்கிப்பர் சொன்னா அங்கேயே விட்டுடுங்க, காசு கொடுத்தோமேன்னு நெருக்காதீங்க. விஸ் பக்கத்துல பிஷெவோ தீவுல இருக்கிற நீலக் குகைக்கும் அதேதான்: வாய் ஒன்றரை மீட்டர் உயரம், சொந்தப் படகு உள்ள போகாது, டிக்கெட் எடுத்து அவங்க சின்னப் படகுல போகணும். அலை இருந்தா மூடிடுவாங்க. காலை 10 மணிக்கு மேல, நண்பகலுக்குள்ள போனாத்தான் வெளிச்சம் சரியா விழும்.

கடல்ல ஆபத்துன்னா அழைக்கிற எண் 195.

பாய்மரப்புறா
புராவுல கேட்டமரான் ஒண்ணும் ஆகாது.

காத்து_பாத்து
துறையில கட்டியிருக்கிறப்ப அந்த அகலமான பக்கத்துலதான் காத்து முழுசா மோதும். எழுதறதுக்கு முன்னாடி யோசிங்க.

உப்புக்காத்து
ஆறுமுகம், சாப்பாடு: ஸ்ப்ளிட்லயே அரிசி, பருப்பு, குடிதண்ணி எல்லாம் வாங்கிடுங்க, தீவுக் கடையில விலை ஏறும். அடுப்பு ரெண்டு பர்னர் கேஸ், படகு சாயறப்ப அடுப்பும் தொங்கி நேரா நிக்கும். சின்ன குக்கர் போதும். இண்டக்ஷன் தூக்கிட்டுப் போகாதீங்க, பேட்டரி தாங்காது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலருந்து இறைச்சி, பால் பொருள் கொண்டு வரத் தடை, அதனால நெய், பால்கோவா எல்லாம் கஸ்டம்ஸ்லயே போயிடும். பொடி, ஊறுகாய் ஓகே. ராத்திரி கொனோபா (உள்ளூர்ச் சின்ன உணவகம்) சாப்பாடு நல்லாயிருக்கும். பல கொனோபாவுல அங்க சாப்பிட்டா அவங்க மிதவையில ஓசியா கட்டிக்கலாம், கட்டறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க. விசா ஷெங்கன், 2023 ஜனவரிலருந்து அங்க பணமும் யூரோதான்.

மூத்த_மாலுமி
கருவாடு எடுத்துட்டுப் போகலாமா வேண்டாமான்னு அடுத்து கேட்பாங்க.

ஜூரிச்_வாசகி
சட்டத்தில மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை விடுவினம், ஐயா. படகுக்குள்ள பொரிக்கிறதுக்கு ஸ்கிப்பர் விடுவாரோ தெரியேல்லை.

அவசரம்_ஆறுமுகம்
4 கேபின் படகு கிடைச்சிருச்சு, 380 யூரோ கூடுதல். பையனுக்கு வலையும் போட்டுத் தர்றாங்களாம். நன்றி.

பாய்மரப்புறா
கேட்டமரானா?

உப்புக்காத்து
ஆறுமுகம், ஸ்கிப்பர் கூலி அதுல சேர்த்தியா இல்லையான்னு இன்னும் சொல்லலையே.