வின்செஸ்டர் வீட்ல அம்மா ஏறுன படி

எல்லாரும் பேய் பாத்த அனுபவம் எழுதுறீங்க, என்னோடது கொஞ்சம் வேற மாதிரி. அம்மா மதுரைல இருந்து வந்து ஆறு மாசம் எங்ககூட இருந்தாங்க. அமெரிக்காவுல, சான் ஹோசேல எங்க வீட்டுக்குப் பக்கம் தான் வின்செஸ்டர் மாளிகை, தினம் அந்த ரோட்ல தான் வேலைக்குப் போறேன், ஆனா உள்ள போனதே இல்ல. அம்மாவ கூட்டிட்டுப் போலாம்னு டிக்கெட் போட்டேன், அப்புறம் தான் உள்ள படி நிறையன்னு தெரிஞ்சுது, அம்மாவுக்கு முட்டி வலி வேற. "மெதுவா ஏறிக்கிறேன், வா"ன்னுட்டாங்க.

கார்லயே கதைய சொல்லிட்டேன். வின்செஸ்டர் துப்பாக்கி கம்பெனி குடும்பத்து மருமகள் சாரா, 1866ல பொறந்த பொண்ணு ஆறு வாரத்துலயே போயிருச்சு, 1881ல புருஷனும் டிபில போயிட்டாரு. அந்த துப்பாக்கில செத்தவங்க ஆவியெல்லாம் உன்ன சுத்துது, வீடு கட்டிக்கிட்டே இரு, நிறுத்துனா செத்துருவன்னு ஒரு குறி சொல்றவங்க சொன்னதாவும், அதனால 1886ல எட்டு ரூம் வீடு வாங்கி 1922ல சாகுற வரைக்கும் ராத்திரி பகலா கட்டுனதாவும் சொல்லுவாங்க. குறி சொன்னதுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது, வேலைய நிறுத்திட்டு ஆளுங்கள சாரா மாசக்கணக்குல வீட்டுக்கு அனுப்பி வச்சதும் உண்டு, ஆனா கதை என்னவோ நிலைச்சு நின்னுருச்சு.

உள்ள போனா நிஜமாவே தலை சுத்துது. 160 ரூம், 47 மாடிப்படி, 6 சமையல்கட்டு. ஒரு படிக்கட்டு மேல போயி நேரா கூரைல முட்டி நிக்குது, மாடில ஒரு கதவ திறந்தா வெளிய வெறும் காத்து, கால வச்சா கீழ தோட்டம் தான். ஆவிய ஏமாத்த கட்டுனதுன்னு சொல்றாங்க. ஆனா அந்த வீடு ஒரு காலத்துல ஏழு மாடி, 1906 பூகம்பத்துல கோபுரமும் மேல் மாடிகளும் விழுந்துருச்சு, சாரா அத திரும்ப எழுப்பவே இல்ல. எங்கயோ போயிட்டு இருந்த வழி பாதில நின்னா அப்படித்தான இருக்கும்? பூகம்பத்தன்னிக்கு அவங்க படுத்திருந்த ரூம் கதவு சிக்கிக்கிட்டு, ஆளுங்க வந்து தான் வெளிய எடுத்திருக்காங்க. அந்த ரூம்ல நிக்கும்போது எனக்கு பயத்த விட பாவமா தான் இருந்துச்சு, இவ்ளோ பெரிய வீட்ல ஒத்தையா.

அப்புறம் அந்த படி வந்துச்சு. ஒவ்வொண்ணும் ரெண்டு, ரெண்டரை இன்ச் உயரம் தான் இருக்கும், 44 படி, ஏழு தடவ திரும்பித் திரும்பிப் போகுது, ஆனா மொத்தமா ஏறுறது ஒன்பது அடி தான். கூட வந்தவங்க எல்லாரும் ஆவிக்கு வழி தப்பணும்னு தான் இப்படின்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. எங்கம்மா கம்பிய புடிக்காம கடகடன்னு ஏறிப் போயி மேல நின்னு என்ன பாத்து சொன்னாங்க, "பேய்க்கு எதுக்குடி இவ்ளோ தாழ்வா படி, இது முட்டிவலிக்காரி கட்டுனது." எனக்கு சிலிர்த்துருச்சு. சாராவுக்கு கை கால் மூட்டெல்லாம் வாதம், ஆளும் 4 அடி 10 இன்ச் தான், அந்த படி அவங்களுக்காகவே போட்டது தான். நாங்க யாரும் சொல்லல அம்மாகிட்ட.

இன்னொண்ணும் நடந்துச்சு, சொல்லிடுறேன். கீழ வரும்போது நானும் அம்மாவும் தான் கடைசி. குறுகலான வழி, பின்னாடி யாரோ நடந்து வர்ற சத்தம் கேட்டு நான் சுவரோரமா ஒதுங்கி வழி விட்டேன். அதே நேரம் அம்மாவும் ஒதுங்குனாங்க. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. மரத்தள வீடு, நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு, பலகை முனகும், தெரியும். ஆனா ரெண்டு பேரும் ஒண்ணா ஒதுங்குனோம். அம்மா பயப்படல, "அவளா இருந்தா போகட்டும், அவ வீடு தான"ன்னு மட்டும் சொன்னாங்க.

ஊருக்குப் போன அடுத்த மாசம் மொட்டை மாடிப் படிய இடிச்சு கட்ட கொத்தனார கூப்பிட்டிருக்காங்க. படி தாழ்வா வச்சா எண்ணிக்கை கூடும், எடம் நிறைய அடைக்கும்மான்னு அவரு சொல்லியிருக்காரு. என் வீட்டுக்குள்ள தான அடைக்குது, அடைக்கட்டும்னுட்டாங்களாம்.