சம்பளத்தில் பிடித்த நன்கொடை: 10பிஇ சான்றிதழ் கம்பெனி பான் எண்ணில் வந்துவிட்டது, எப்படிச் சரிசெய்வது?

(2025 ஜூன் விதிகளின்படி நடந்த உரையாடல் இது. இதில் வரும் 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் 2025 நவம்பர் வரைதான் நடப்பில் இருந்தது; படிவ எண்களும் கெடு தேதிகளும் அப்போதையவை.)

கோவை_பேரோல் (18 ஜூன் 2025)

வணக்கம். கோவையில் ஒரு இன்ஜினியரிங் தொழிற்சாலை, மொத்தம் 140 பேர். 2024 அக்டோபர் சம்பளம் முதல், விருப்பம் சொன்ன 61 பேரிடம் மாதம் 100 முதல் 1,000 ரூபாய் வரை பிடித்து, ஒரு கல்வி அறக்கட்டளைக்கு அடுத்த மாதம் 5ஆம் தேதி ஒரே நெஃப்ட்டாக அனுப்புகிறோம். மாதம் 18,300. அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதத்துக்கு 1,09,800 ரூபாய் பிடித்திருக்கிறோம்.

இப்போது சிக்கல். அறக்கட்டளை ஒரே ஒரு 10பிஇ (10BE, வரிக்கழிவுக்கான நன்கொடைச் சான்றிதழ்) தந்திருக்கிறது. அதுவும் கம்பெனி பான் எண்ணில், 91,500 ரூபாய்க்கு மட்டும். ஊழியர்கள் ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு) போடப் போனால் 80ஜி (நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் பிரிவு) அட்டவணையில் ஏஆர்என் (சான்றிதழில் உள்ள எண்) கேட்கிறது. கம்பெனி தரும் வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16லும் இந்தத் தொகை இல்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். பே ஸ்லிப்பைக் காட்டி கிளெய்ம் செய்யலாமா? மீதி 18,300 எங்கே போனது?

ஜூலை முதல் ஒழுங்காகச் செய்ய வேண்டும். டேலி பிரைம் மென்பொருளில்தான் சம்பளம் போடுகிறோம். ஊழியர் கொடுக்கும் அளவுக்குக் கம்பெனியும் போடலாம் என்று எம்டி சொல்கிறார். அதையும் எப்படிக் காட்டுவது என்று சொல்லுங்கள்.

---

தணிக்கைத்தம்பி

18,300 எங்கும் போகவில்லை. மார்ச் சம்பளத்தில் பிடித்ததை ஏப்ரல் 5 அன்றுதானே அனுப்பினீர்கள்? அறக்கட்டளைக்குப் பணம் வந்த தேதிதான் கணக்கு. நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து முறை அனுப்பியது 91,500. ஏப்ரலில் போன 18,300 அடுத்த நிதியாண்டின் 10பிஇ-யில் வரும். அறக்கட்டளை இதில் சரியாகத்தான் செய்திருக்கிறது. இனிமேல் மார்ச் மாதம் மட்டும் சம்பளம் போடும் அன்றே, 31ஆம் தேதிக்குள், நன்கொடையையும் அனுப்பிவிடுங்கள்.

பே ஸ்லிப் செல்லாது. அறக்கட்டளை வருமான வரித் தளத்தில் ஏற்றும் கொடையாளிகள் பட்டியலான படிவம் 10பிடி-யில் (10BD) யார் பான் எண் இருக்கிறதோ, அவருக்குத்தான் கழிவு. உங்கள் நெஃப்ட்டில் கம்பெனி பெயர் மட்டும் இருந்தது, அவர்கள் கம்பெனியைக் கொடையாளியாகப் போட்டுவிட்டார்கள். பணத்தோடு பெயர்ப் பட்டியலும் போயிருக்க வேண்டும், போகவில்லை. முழுச் சிக்கலும் அங்கேதான்.

சரிசெய்ய வழி இருக்கிறது. அறக்கட்டளை 10பிடி-யைத் திருத்தித் தாக்கல் செய்யலாம். மே 31 தாண்டிவிட்டதே என்று அவர்கள் தயங்கலாம். அது முதல் தாக்கலுக்கான கெடு. நீங்கள் கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுங்கள்: "கீழ்க்கண்ட தொகை ஊழியர்களின் சம்பளத்திலிருந்து அவர்கள் சம்மதத்துடன் பிடிக்கப்பட்டது, கம்பெனி இதற்கு 80ஜி கோராது." கூடவே ஐந்து நெஃப்ட்களின் யூடிஆர் எண் (வங்கிப் பரிமாற்ற எண்), தேதி, ஆள்வாரிப் பட்டியல். மொத்தம் ஒரு ரூபாய் பிசகினாலும் திருப்பி அனுப்புவார்கள்.

ஃபார்ம் 16 விஷயத்தில் உங்கள் மேல் தவறில்லை. பொதுவான அறக்கட்டளை நன்கொடைக்கு முதலாளி டிடிஎஸ் கணக்கில் 80ஜி தரக் கூடாது, ஊழியர் தன் ஐடிஆரில்தான் கோர வேண்டும் என்பதே வருமான வரித்துறை சுற்றறிக்கை. பிரதமர் தேசிய நிவாரண நிதி, முதலமைச்சர் நிவாரண நிதி போன்ற சில மட்டும் விலக்கு. அவற்றுக்குக் கம்பெனி மொத்தமாக அனுப்பினால், ஆளுக்கு ஆள் ரசீது தேவையில்லை, முதலாளி தரும் சான்றிதழே போதும் என்று 2005ஆம் ஆண்டின் 2ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது.

இன்னொன்று. 61 பேரில் பழைய வரிமுறையில் எத்தனை பேர்? புதிய முறையில் 80ஜி-யே கிடையாது. பழைய முறையிலும் கணக்கைப் பாருங்கள்: மாதம் 500 கொடுத்தவருக்கு ஐந்து மாதத்தில் 2,500. அதில் 50 சதவீதம், 1,250, கழிவு. 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து மிச்சம் 260 ரூபாய். வரிச்சலுகையைச் சொல்லி ஆள் சேர்த்திருந்தால் இந்தச் சண்டை வரத்தான் செய்யும். ஐடிஆர் கெடு இந்த வருஷம் செப்டம்பர் 15 வரை இருப்பதால் திருத்தத்துக்கு நேரம் இருக்கிறது.

---

தொழிலாளர்_சட்டம்_மட்டும்

10பிஇ-யை விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. அந்த 61 பேரில் மாதச் சம்பளம் 24,000 ரூபாய்க்கு மேல் போகாதவர்கள் எத்தனை பேர்?

தொழிற்சாலை என்பதால் 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். 24,000 வரை வாங்குபவர்கள் எல்லோரும் அதன் கீழ் வருவார்கள். மெஷினில் நிற்கிறாரா, ஆபீசில் உட்கார்கிறாரா என்று அது பார்க்காது. அவர்கள் சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று பிரிவு 7(2) பட்டியல் போட்டுவைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாததைப் பிடிக்க முடியாது, எழுத்துச் சம்மதம் இருந்தாலும் சரி. நன்கொடை என்று அதில் வருவது பிரதமர் தேசிய நிவாரண நிதியும், மத்திய அரசு அறிவிக்கை செய்யும் பிற நிதிகளும்தான். உங்கள் கல்வி அறக்கட்டளை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பட்டியலுக்குள் வராது.

"சம்பளத்தை முழுசாகப் போட்டுவிட்டு, ஹெச்ஆரிடம் கையில் காசாகத் தரச் சொல்லலாமே" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதுவும் அடைபட்ட வழி. தொழிலாளி முதலாளியிடமோ அவர் ஆளிடமோ கொடுக்கும் எந்தப் பணமும் பிடித்தமாகவே கருதப்படும் என்று அதே பிரிவு விளக்கம் சொல்கிறது. புகார் போனால் பிரிவு 15ன் கீழ் பிடித்த தொகையைத் திருப்பித் தருவதோடு, அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். நூறு ரூபாய்தானே என்று விட முடியாது.

அவர்கள் கொடுக்க விரும்பினால் கம்பெனி நடுவில் வராமல் இருக்கட்டும். அறக்கட்டளையின் யூபிஐ ஆட்டோபே-யை அவரவர் போனில் போட்டுக்கொள்ளலாம். சம்பளம் 1ஆம் தேதி என்றால் 3ஆம் தேதி எடுக்கும்படி வைத்தால் போதும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. வங்கியில் பணம் இல்லாவிட்டால் அந்த மாதம் எடுக்காது, அவ்வளவுதான். சூப்பர்வைசர் போனை வாங்கி உட்கார்ந்து போட்டுக்கொடுப்பது மட்டும் வேண்டாம்.

---

கோவை_பேரோல்

பார்த்துவிட்டேன். 24,000க்கு மேல் 38 பேர், மாதம் 16,000 ரூபாய். மீதி 23 பேர் ஆளுக்கு 100, மாதம் 2,300. எல்லோரிடமும் கையெழுத்து இருக்கிறது. அந்த 23 பேருக்கு என்ன செய்வது?

---

தொழிலாளர்_சட்டம்_மட்டும்

கையெழுத்து காப்பாற்றாது. கம்பெனி தன் பணத்திலிருந்து திருப்பிக் கொடுக்கட்டும். அடுத்த சம்பளத்தில் "முன் பிடித்தம் திரும்ப" என்று தனி வரிசையாகக் காட்டுங்கள். வருமானமாகச் சேர்த்து அதற்கும் பிஎஃப், இஎஸ்ஐ கழித்துவிடாதீர்கள்.

---

தணிக்கைத்தம்பி

அப்படிச் செய்தால் 10பிடி திருத்தமும் மாறும். அந்த 23 பேரின் பங்கு கம்பெனி கொடுத்த நன்கொடையாகிவிடும். எனவே ஊழியர் பெயரில் 38 பதிவுகள், மொத்தம் 80,000. கம்பெனி பெயரில் ஒரு பதிவு, 11,500. கூட்டினால் 91,500. கடிதத்தையும் இதற்கேற்ப மாற்றுங்கள்: கம்பெனி 80ஜி கோராது என்பது 80,000க்கு மட்டும்.

---

டேலிக்காரர்

டேலி அமைப்புக்கு வருகிறேன். பே ஹெட் (சம்பளக் கணக்குத் தலைப்பு) புதிதாக ஒன்று போடுங்கள், பெயர் "ஊழியர் நன்கொடை". வகை "டிடக்ஷன்ஸ் ஃப்ரம் எம்ப்ளாயீஸ்". அண்டர் என்ற இடத்தில் "கரண்ட் லயபிலிட்டீஸ்". "அஃபெக்ட் நெட் சாலரி" யெஸ். கால்குலேஷன் டைப் "ஃப்ளாட் ரேட்". பிறகு ஒவ்வொருவரின் சாலரி டீடெயில்ஸில் தொகையையும் எந்தத் தேதி முதல் என்பதையும் கொடுங்கள். ஒருவர் தொகையை மாற்றினால் பழையதை அழித்து எழுதாமல் புதுத் தேதியில் புது வரிசை போடுங்கள். இல்லாவிட்டால் பழைய மாதத்தை மறுபடி திறக்கும்போது எண்ணிக்கை மாறிவிடும்.

வழக்கமாகத் தப்பாகும் இடங்கள் இரண்டு. நன்கொடையை எர்னிங்ஸ் பக்கம் மைனஸ் தொகையாகப் போடுவது ஒன்று. மொத்தச் சம்பளமே குறைந்து, இஎஸ்ஐ, டிடிஎஸ் எல்லாம் தப்பாகும். சம்பளம் 21,000க்கு அருகில் இருப்பவர் இஎஸ்ஐ வரம்புக்குள் தவறாக விழுந்துவிடுவார். நன்கொடை என்பது மொத்தச் சம்பளம் கணக்கான பிறகு, நிகரத்தில் குறைவது. இரண்டாவது, பே ஹெட்டை இன்டைரக்ட் இன்கம் கீழ் வைப்பது. ஊழியர் பணம் கம்பெனி லாபமாக நிற்கும்.

மாதம் 16,000 பிடித்தால் சம்பள வவுச்சரில் "ஊழியர் நன்கொடை" 16,000 கிரெடிட். அனுப்பும் அன்று அதே லெட்ஜர் டெபிட், பேங்க் கிரெடிட். அதற்குப் பின் லெட்ஜர் பாக்கி பூஜ்யம். பூஜ்யம் இல்லாவிட்டால் யாரோ வேலையை விட்டுப் போயிருக்கிறார், அல்லது எல்ஓபி (சம்பளமில்லா விடுப்பு) ஆள் ஒருவர் இருக்கிறார்.

ஃப்ளாட் ரேட் எல்ஓபி-யைப் பார்க்காது. மாதம் முழுக்க லீவில் இருந்தவருக்கும் 500 பிடித்து நிகரம் மைனஸ் ஆகும். வவுச்சரை சேவ் செய்யுமுன் நிகரப் பத்தியை மேலிருந்து கீழ் ஒரு தரம் பாருங்கள். பிஎஃப், இஎஸ்ஐ, தொழில் வரி, டிடிஎஸ், கடன் தவணை எல்லாம் போன பிறகு மிச்சம் இருந்தால்தான் நன்கொடை. இல்லையென்றால் அந்த மாதம் அவருக்குப் பூஜ்யம். அடுத்த மாதம் இரட்டிப்பாகப் பிடிக்கவே கூடாது.

---

அறக்கட்டளைக்_கணக்கு

வாங்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மாதம் பணம் அனுப்பிய அன்றே எக்செல் ஒன்று வேண்டும்: பான் அட்டையில் உள்ளபடி பெயர், பான், முகவரி, அந்த மாதத் தொகை, யூடிஆர் எண். ஊழியர் எண் எங்களுக்கு உதவாது. பான் எண்ணில் நாலாவது எழுத்து ஆங்கில "P" என்று இருக்கிறதா பாருங்கள், தனிநபர் என்றால் அதுதான். பட்டியலில் கம்பெனி பான் கலந்திருந்தால் அந்த ஒரு எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும். மார்ச் முடிந்ததும் ஆண்டுத் தொகையை ஆள்வாரியாக இரு பக்கமும் ஒப்பிட்டுக் கையெழுத்திட்டு வைத்தால் மே மாதம் தகராறு இருக்காது. 10பிடி தாமதமானால் அறக்கட்டளைக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அந்த அவசரத்தில்தான் மொத்தத் தொகையை ஒரே பெயரில் ஏற்றிவிடுகிறார்கள்.

அறக்கட்டளையின் 80ஜி உத்தரவு, அதாவது படிவம் 10ஏசி, நகலை வாங்கி எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். பலருக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27 வரைதான் இருக்கிறது. அதாவது 2026 மார்ச் 31. புதுப்பிக்க ஆறு மாதம் முன்பே, இந்த செப்டம்பர் 30க்குள், விண்ணப்பிக்க வேண்டும். அக்டோபரில் ஒரு போன் போட்டு விண்ணப்ப ஒப்புகையைக் கேளுங்கள்.

கிவ் இந்தியா மாதிரி தளம் வழியாகப் போவதாக இருந்தால், ரசீதும் 10பிஇ-யும் யார் பெயரில் வரும், எவ்வளவு கழித்துக்கொள்வார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

---

தணிக்கைத்தம்பி

கம்பெனி பங்கு பற்றி. தனி நெஃப்ட், தனி யூடிஆர், தனி லெட்ஜர். ஊழியர் பணத்தோடு ஒரே பரிமாற்றத்தில் கலந்தால் மறுபடி இதே குழப்பம். கம்பெனி வருமான வரிச் சட்டத்தின் 115பிஏஏ பிரிவில் குறைந்த வரிவிகிதத்தைத் தேர்ந்திருந்தால் அதற்கு 80ஜி கிடைக்காது. வியாபாரச் செலவாகவும் நன்கொடை போகாது. இதை எம்டி-யிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வருஷக் கடைசியில் கேட்டால் கோபம் வரும். சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்புச் செலவு) கடமை உள்ள கம்பெனி என்றால் தன் பங்கை அதில் காட்டலாம், ஆனால் அறக்கட்டளைக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு எண் இருக்க வேண்டும். ஊழியர் கொடுத்ததை சிஎஸ்ஆர் செலவில் சேர்ப்பது மோசடி, வேறு பெயர் இல்லை. வெளிநாட்டுத் தாய்க் கம்பெனி நேராக அனுப்புவதாக இருந்தால் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும், பணம் எஸ்பிஐ புது தில்லி மெயின் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும்.

சம்மதப் படிவத்தைத் தமிழிலேயே வையுங்கள். இவ்வளவு போதும்: "என் மாதச் சம்பளத்திலிருந்து ரூ. ____ ஐ ____ அறக்கட்டளைக்கு என் பெயரில் நன்கொடையாக அனுப்ப 2025 ஜூலை முதல் சம்மதிக்கிறேன். எந்த மாதமும் 20ஆம் தேதிக்குள் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம் அல்லது தொகையை மாற்றலாம் என்பதை அறிவேன். என் பெயர், முகவரி, பான் ஆகியவற்றை அறக்கட்டளைக்குத் தர அனுமதிக்கிறேன்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதும் வேண்டாம், கொடுக்காதவர் பெயர் தானாகத் தெரிந்துவிடும்.

---

கோவை_பேரோல் (24 ஜூன் 2025)

அறக்கட்டளை திருத்தித் தர ஒப்புக்கொண்டது. 38 பேர் பட்டியலும் கடிதமும் போய்விட்டன. அதில் பான் பெயர் பொருந்தாத மூவரைத் தனியே சரிபார்க்கிறோம். 23 பேருக்கு ஜூன் சம்பளத்தோடு 11,500 திருப்பித் தர எம்டி கையெழுத்துப் போட்டுவிட்டார். நன்றி.

---

தொழிலாளர்_சட்டம்_மட்டும்

11,500 இல்லைங்க, 13,800. வரிக் கணக்குக்குத்தான் ஐந்து மாதம். அவர்கள் சம்பளத்தில் நீங்கள் பிடித்தது மார்ச்சையும் சேர்த்து ஆறு மாதம். ஏப்ரல், மே சம்பளத்திலும் பிடித்திருந்தால் மாதத்துக்கு 2,300 வீதம் அதையும் கூட்டிக்கொண்டு ஒரே தடவையில் கொடுத்துவிடுங்கள்.

---

கோவை_பேரோல்

ஏப்ரல், மே இரண்டிலும் பிடித்திருக்கிறோம். 18,400. ஒப்புதல் குறிப்பை மாற்றி மறுபடி கையெழுத்துக்கு வைக்கிறேன்.