அண்ணனின் குரல் பதிந்த கேசட் யாரிடமாவது இருக்கிறதா?

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணியில் சுனாமியில் இறந்த நம் மாங்கன்று அண்ணனின் மகள் இப்போது இருபது வயதைக் கடந்துவிட்டாள். "அப்பா எப்படிப் பேசுவார் மாமா?" என்று சென்ற மாதம் தொலைபேசியில் கேட்டாள். சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை. கடலையே பார்த்திராத மனிதர், குழந்தைக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பேருந்து மாறிப் போனார். சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை 6.29, அலை நாகப்பட்டினம் கரையை அடைந்தபோது ஒன்பது மணிக்கு மேல் ஆகியிருந்தது. அந்த இடைவேளையில் அவர் குழந்தைக்கு மொட்டையடித்து, சந்தனம் பூசி, அண்ணியோடு பூசைக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் கடலில் தலைமுழுகப் போயிருக்கிறார். பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை என்பதால் உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது 2007-இல்தான். அந்த இரண்டரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறுவதில்லை.

ஆண்டுதோறும் நினைவஞ்சலியில் அவரை "பண்பாளர்" என்று எழுதுகிறோம். (கடனைத் திருப்பிக் கேட்டால் அந்தப் பண்பாளர் மூன்று நாள் கண்ணில் படமாட்டார்.) அந்தச் சொல்லால் அவளுக்கு என்ன பயன்? அவர் பாதிச் சொற்களை விழுங்கிவிட்டு வேகமாகப் பேசுவார் என்பதும், ஒட்டுக்கன்று வாங்க வருகிறவரிடம் "ஒட்டுக்குக் கீழே துளிர்த்தா கிள்ளிடணும்" என்று மூன்று முறையாவது சொல்லாமல் காசு வாங்கமாட்டார் என்பதும்தான் அவளுக்கு வேண்டும்.

அக்காலத்தில் வளைகுடாவில் இருந்தவர்களுக்கு வீட்டிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள் அல்லவா? 1999-இல் மஸ்கட்டில் எனக்கு வந்த ஒன்றில், அம்மா பேசி முடித்த பிறகு அண்ணன் ஐந்து நிமிடம் பேசியிருந்தார். புதுக் கேசட் வாங்கச் சோம்பல்பட்டு அதன்மேல் பாட்டைப் பதிந்தவன் நான். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டிகளில் அப்படி ஏதாவது கிடந்தால் தயவுசெய்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம். பழைய நாடா அறுந்துவிடும். அப்படியே எனக்கு அனுப்பி வையுங்கள். பெங்களூரில் கொடுத்துக் கணினியில் ஏற்றித் தர ஆள் பார்த்து வைத்திருக்கிறேன்.