பழைய பஸ்ஸ்டாண்டு டீக்கடை, பேப்பர் கப்பு… இந்த மாதிரி உங்களுக்கும் எதாச்சும் நடந்திருந்தா சொல்லுங்க

நைட்டு_டூட்டி_சேலம்

வேலை முடிஞ்சு பழைய பஸ்ஸ்டாண்டு பக்கம் ஒரு டீ குடிச்சுட்டு வீட்டுக்கு போறது பழக்கம். ராத்திரியில பாலியல் தொழிலுக்காக அங்க நிக்கிற அக்காங்கள பத்தி சேலத்துக்காரங்களுக்கு நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. போன வாரம் நல்ல மழை, ஒரு அக்கா கடை ஓரமா ஒதுங்கி நின்னு டீ கேட்டாங்க. நாங்க நின்ன எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸு, அவங்களுக்கு மட்டும் மாஸ்டர் பேப்பர் கப்ப எடுத்தாரு. "அண்ணா கிளாஸ்லயே குடுங்க, கப்பு கையில சுடுது"ன்னாங்க. மாஸ்டர் காதுலயே வாங்காம பால ஆத்திக்கிட்டு நின்னாரு. சக்கரை டப்பா மேல போன சாச்சு வச்சிருந்தாரு, அதுல ஒரு நடிகை ஏதோ ஊர்ல நகைக்கடை திறக்க வந்து கார்ல இருந்து எறங்குற வீடியோ, கேமரா எங்க இருந்து எங்க போவும்னு உங்களுக்கே தெரியும். பக்கத்துல நின்னவரு "நம்ம அஞ்சு ரோட்டுக்கும் ஒருநாள் கூப்பிடணும்யா"ங்கிறாரு. அந்தக்கா முந்தானையால கப்ப சுத்திப் புடிச்சு குடிச்சுட்டு காச நீட்டுனாங்க. "அங்க வை"ன்னாரு மாஸ்டர். வச்சாங்க. அவங்க போனதும் அத எடுத்து கல்லாவுல போட்டுக்கிட்டாரு.

அவ்ளோதான் சம்பவம். ஆனா அந்த "அங்க வை" மட்டும் மண்டையிலயே நிக்குது.

அம்மாபேட்டை_பாவடி

மாஸ்டர மட்டும் திட்டி என்ன ஆவப்போவுது? அவரு கிளாஸ்ல குடுத்தா பக்கத்துல நிக்கிற நாலு பேரு நாளைக்கு கடை மாறிருவான். நீங்களும் அங்கதானங்க நின்னீங்க.

எனக்கு ஞாபகம் வர்றது 1996. சில்க் ஸ்மிதா செத்த சேதி வந்த மறுநாள், செப்டம்பர் 24. எங்க பாவடியில, அதாவது நெசவு நூல நீட்டிக் கட்டுற திடல்ல, பாவு விரிச்சு கஞ்சி போட்டுக்கிட்டு இருந்தாங்க, நாங்க சின்ன பசங்க. ரேடியோவுல கேட்டவங்க, பேப்பர்ல பாத்தவங்க, எல்லாருக்கும் அதே பேச்சு. எங்க தெருவுல ஒரு மாமா, அந்தம்மா பாட்டு இருக்குன்னு தெரிஞ்சா எடப்பாடி வரைக்கும் சைக்கிள் மிதிச்சு போயி படம் பாத்த ஆளு. அவருதான் சொன்னாரு, "அவுத்துப் போட்டு ஆடுனவளுக்கு இப்புடித்தான் முடியும்"னு. அவரு பொண்ணு, எங்க கிளாஸ்தான், கொஞ்சமும் யோசிக்காம "அப்ப நீ எதுக்குப்பா ரெண்டாவது ஆட்டம் போன?"ன்னு கேட்டுருச்சு. கஞ்சி பிரஷ்ஷாலயே முதுகுல ஒண்ணு விழுந்துச்சு. பாவடியே சிரிச்சுது. சிரிச்சது மாமாவ பாத்தா அடி வாங்குன புள்ளைய பாத்தான்னு இன்னிக்கும் எனக்கு வெளங்கல.

செத்தப்ப அந்தம்மாவுக்கு 40 வயசு கூட ஆவல. உசுரோட இருந்தப்ப நல்ல நடிகைன்னு ஒருத்தன் சொல்லல, 15 வருசம் கழிச்சு அவங்க கதைய வச்சு ஹிந்தியில படம் எடுத்தாங்க, அதுல நடிச்சவங்களுக்கு தேசிய விருது கெடைச்சுது.

மேட்டூர்_டேம்வாசி

நடிகைன்னா தலையில தூக்கி வச்சு ஆடுறோம்னு முழுசா சொல்லிற முடியாதுங்க. 2005 நவம்பர், குஷ்பு மேட்டூர் கோர்ட்டுக்கு வந்தாங்க, ஞாபகம் இருக்கும். கல்யாணத்துக்கு முந்தி உறவு பத்தி ஒரு பத்திரிகையில கருத்து சொன்னதுக்கு தமிழ்நாடு பூரா கேஸு, அதுல ஒண்ணு எங்க ஊர்ல. அதுக்கு கொஞ்ச வருசம் முன்னாடிதான் திருச்சி பக்கம் அவங்களுக்கு கோயில் கட்டுனாங்க, இட்லிக்கு பேரு வச்சாங்க.

நான் அப்ப காலேஜ், வேடிக்கை பாக்கப் போனேன். எனக்கு முன்னாடி ஒரு அம்மா மஞ்சப்பையில அழுகுன தக்காளி வச்சுக்கிட்டு வெயில்ல நிக்குது. ஒரே கோசம், தள்ளுமுள்ளு, போலீஸு. கார் வந்து அவங்க எறங்குனதும் முட்டையும் தக்காளியும் பறக்குது, இந்தம்மா பையில கைய விட்டது விட்டபடி எக்கி எக்கி பாத்துக்கிட்டு என்கிட்ட கேட்டுச்சு, "தம்பி, ஜாக்கெட்டு ஜாக்பாட்டுல போட்ட மாடலாப்பா, இங்க இருந்து தெரியலயே?" ஜாக்பாட்டுங்கிறது குஷ்பு டிவியில நடத்துன நிகழ்ச்சி. எறிய வந்ததா ஜாக்கெட் பாக்க வந்ததான்னு அந்தம்மாவுக்கே தெரிஞ்சிருக்காது. எறியாமயே பையோட பஸ் ஏறிருச்சு.

அந்த கேஸையெல்லாம் 2010ல சுப்ரீம் கோர்ட்டு ரத்து பண்ணிருச்சு. அன்னிக்கு மேட்டூர்ல ஒரு பட்டாசு சத்தம் கூட கேக்கல, யாருக்கும் கவலையில்ல.

ஓமலூர்_மருமக

எங்க ஊரு மாரியம்மன் பண்டிகைக்கு ஆடல் பாடல் வச்சாங்க. போலீஸ் பர்மிசன் வாங்கி, ஆபாசமா ஆடக்கூடாது ரெட்டை அர்த்தப் பாட்டு போடக்கூடாதுன்னு மைக்ல படிச்சுட்டு அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு ஊரு நாட்டுல இருக்கிறவங்களுக்கு தெரியும், அத விடுங்க. மேடைக்கு பக்கத்து வீடு எங்களுது, அதனால பொண்ணுங்க துணி மாத்த எங்க வீட்டு திண்ணை ரூம குடுத்தாங்க. எங்க அத்தை முன்கூட்டியே சொம்பு டம்ளர் எல்லாம் உள்ள எடுத்து வச்சு பூட்டிட்டாங்க. தண்ணிக்கு வெளிய ஒரு பிளாஸ்டிக் குடம்.

நான் போயி பாத்தா அதுல ஒரு பொண்ணு கைப்புள்ளையோட வந்திருக்குது. தோல் கலர்ல கால்லருந்து கழுத்து வரைக்கும் மூடி ஒரு டிரஸ் போட்டு அதுக்கு மேலதான் அந்த மினுக்கு துணி. தூரத்துல இருந்து பாக்குறவனுக்குத்தான் அது ஒடம்பு. அந்த மூடுன டிரஸ்ஸால புள்ளைக்கு பால் குடுக்க முடியல. ஜிப்பு பின்னாடி, எனக்கு முதுகு காட்டி நின்னுக்கிட்டு "அக்கா கொஞ்சம் எறக்கி விடுங்க, ரெண்டு பாட்டுதான் இருக்குது அதுக்குள்ள குடுத்துர்றேன்"னுச்சு. எறக்கி விட்டேன். வெளிய மைக்குல அடுத்து வருவது உங்கள் கனவுக்கன்னின்னு ஒருத்தன் கத்துறான். அது புள்ளைய பாத்துக்கிட்டே "கனவுக்கன்னிக்கு வவுறு வலிக்குதாம்னு போயி சொல்லுங்க"ன்னு சிரிக்குது.

எங்க வீட்டுக்காரர் முதல் வரிசையில நின்னு வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாரு. வீட்டுக்கு வந்து "இதெல்லாம் ஒரு பொழப்பா"ன்னாரு. போன புடுங்கி அந்த வீடியோவ அழிச்சேன், ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்ல.

ஏற்காடு_வண்டி

நான் மலைக்கு டிரிப் அடிக்கிறவன். ஒரு சீசன்ல, மலர் கண்காட்சி டைம், ஒரு காட்டேஜ்ல ரெய்டு. நான் வேற பார்ட்டிய எறக்க போயி வாசல்ல மாட்டிக்கிட்டேன். ரெண்டு பொண்ணுங்கள வெளிய கூட்டிட்டு வந்து ஜீப்புக்கு பக்கத்துல நிக்க வச்சாங்க, துப்பட்டாவ தலையோட சுத்திக்கிட்டு நிக்கிறாங்க. போட்டோ எடுக்க வந்தவன் "கொஞ்சம் எறக்கும்மா, கண்ணு மட்டும் தெரிஞ்சா போதும்"ங்கிறான், ஸ்டுடியோவுல சொல்ற மாதிரி. அதே நேரம் பின்னாடி கேட்டு வழியா அந்த ரூம்ல இருந்த ஆளு, நல்ல வெள்ளை சட்டை, என் வண்டிக்கிட்ட வந்து "அடிவாரம் போவணும், எவ்ளோ?"ங்கிறான். ஏத்தல. வேற ஒருத்தன் ஏத்திக்கிட்டு போனான், 20 கொண்டை ஊசியும் எறங்குற வரைக்கும் அவன் ஒரு வார்த்தை பேசலன்னு அந்த டிரைவர் அப்பறம் சொன்னான். மறுநாள் பேப்பர்ல பொண்ணுங்க ஊரு, வயசு எல்லாம் வந்துச்சு. வெள்ளை சட்டை வரல.

சட்டம்_தெரிஞ்சுக்கோங்க

எனக்கும் ஒரு அனுபவம், லேக் பக்கம் கட்டுன பொண்டாட்டியோட ரூம் கேட்டா தாலிய பாத்துட்டு சாவி குடுத்தான் ஒருத்தன், அது பெரிய கதை இல்ல.

ஏற்காடு_வண்டி அண்ணனுக்கும் மத்தவங்களுக்கும் ஒரு தகவல். நிறைய பேரு இந்த தொழிலே நம்ம நாட்டுல குற்றம்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. விபசாரத் தடுப்புக்குன்னு இருக்கிற 1956 சட்டம் அப்படி சொல்லல. வயசு வந்த ஒரு பொம்பளை தனியா தன் விருப்பத்துல செய்யறது குற்றம் இல்ல. விடுதி மாதிரி நடத்துறது குற்றம், அடுத்தவங்க சம்பாத்தியத்துல உக்காந்து திங்கிறது குற்றம், ஆள் புடிச்சு குடுக்குறது, கடத்துறது, ரோட்டுல நின்னு கூப்புடுறது குற்றம். கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இதுலருந்து 200 மீட்டருக்குள்ள நடந்தா செக்சன் 7, அதுல வந்து போறவனும் குற்றவாளிதான், ஆனா அவன் பேர்ல கேஸ் போட்டு நீங்க எத்தன தடவ படிச்சிருக்கீங்க? அடுத்தது, 2022 மே 19 சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு, நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையில மூணு பேரு. ரெய்டுல விருப்பத்தோட இந்த தொழில்ல இருக்கிற பொண்ணுங்கள கைது பண்ணக்கூடாது, அம்மா இந்த தொழில்ல இருக்கான்னு ஒரே காரணத்துக்காக புள்ளைய பிரிக்கக்கூடாதுன்னு கோர்ட்டு போட்ட குழு சொன்னதுக்கு மத்திய அரசு தயக்கம் காட்டுச்சு, அதனால அதெல்லாம் அந்த உத்தரவுல கட்டாயமா வரல; ஆனா போலீஸ் அவங்கள மரியாதையா நடத்தணும், அடிக்கவோ திட்டவோ கூடாது, மீடியா அவங்க போட்டோ பேரு எதையும் வெளியிடக்கூடாது, ஆதார் குடுக்கணும், ஆனா அதுல தொழில காட்டிக்கொடுக்கிற அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது. எனவே லாட்ஜ் வச்சிருக்கிறவங்க ரெஜிஸ்டர் சரியா மெயின்டெய்ன் பண்ணுங்க, டிரைவருங்க டிரிப் ஷீட் கையில வச்சுக்கோங்க, குடும்பத்தோட போறவங்க கல்யாண சர்டிபிகேட் ஒரு காப்பி போன்ல வச்சுக்கிட்டா நல்லது, கல்யாணம் ஆவாதவங்களா இருந்தாலும் ரூம் எடுக்க எந்த சட்டமும் தடுக்கல…

அம்மாபேட்டை_பாவடி

யோவ் சர்டிபிகேட்ட யாருய்யா கேட்டா இங்க.

நேர்மையா_சொன்னா

எல்லாரும் கண்ணீர் விடுறீங்க, நான் வேற மாதிரி சொல்றேன். நடிகை வேற, இது வேற. நடிகை திறமைய காட்டுறா, டாக்ஸ் கட்டுறா. கட்டட வேலைக்கு சித்தாளா போற பொம்பளைங்க இல்லையா, வெள்ளி பட்டறைக்கு போறவங்க இல்லையா, கொலுசுக்கு பத்த வச்சு பொழைக்கலயா? கஷ்டப்படாம வர்ற காசுக்கு ஆசப்பட்டவங்க பேப்பர் கப்புல குடிக்கிறதுக்கு நாம ஏன் ஃபீல் பண்ணணும். எங்க வீட்டு பொண்ணுங்க பழைய பஸ்ஸ்டாண்டுல எட்டு மணிக்கு மேல நிக்க முடியல, எவன் வந்து என்ன கேப்பான்னு பயம், அத பத்தி ஒருத்தரும் எழுதல.

களப்பணி_அக்கா

கேக்குறவன் ஆம்பளை. பயப்பட வேண்டியது உங்க வீட்டு பொண்ணு, கோவம் மட்டும் அந்தக்கா மேலயா?

நான் எச்ஐவி தடுப்பு வேலையில இருந்தவ. சீலநாயக்கன்பட்டி பைபாஸ், சங்ககிரி லாரிங்க நிக்கிற எடம், ஜங்ஷன்னு சுத்தி ஆணுறை குடுக்குறது, டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போறது. இந்தியாவுலயே முதல்ல இந்த கிருமிய கண்டுபுடிச்சது 1986ல நம்ம மெட்ராஸ்ல, பாலியல் தொழில்ல இருந்த பொண்ணுங்க ரத்தத்துலதான், அன்னிலருந்து இவங்க மேல இருக்கிற பேரு இன்னும் போவல. ஆணுறை போட மாட்டேங்கிற கஸ்டமர்கிட்ட அடி வாங்குறதும் இவங்கதான். "கஷ்டப்படாம"ன்னு எழுதிட்டீங்க, சரி. எனக்கு தெரிஞ்சு அதுல பாதிப்பேரு பகல்ல நீங்க சொன்ன அதே சித்தாள் வேலைக்கும் வெள்ளி பட்டறைக்கும் போறவங்க. அந்த கூலி பத்தலன்னுதான் ராத்திரி வர்றாங்க. வெள்ளி பட்டறையில உங்க பக்கத்துல உக்காந்து வேலை செஞ்சிருப்பாங்க, உங்களுக்கு தெரியாது, தெரியக்கூடாதுன்னுதான் அவங்க அவ்ளோ பாடு படுறாங்க.

கொரோனா டைம் 2020ல, அடையாள அட்டை கேக்காம இவங்களுக்கு ரேசன் பொருள் குடுங்கன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. எங்களுக்கு தெரிஞ்சவங்க கொஞ்சம் பேருக்கு அரிசி பருப்பு மூட்டை கட்டி வச்சிருந்தோம், பை மேல நிறுவனம் பேரு அச்சடிச்சிருந்துச்சு. ஒருத்தங்க வந்தாங்க, கையெழுத்து போட்டாங்க, பைய பாத்தாங்க. தூக்கல. வீட்டுல மருமக எடுத்திருக்காங்க, பேத்தி படிக்குது. பக்கத்து மளிகைக் கடைக்கு போயி வெறும் கோணிப்பை ஒண்ணு காசு குடுத்து வாங்கிட்டு வந்து, தரையில உக்காந்து அரிசிய கையால அள்ளி அள்ளி அதுக்கு மாத்துனாங்க. நான் அப்படியே கவுத்து கொட்டலாம்மான்னேன். "சிந்துனா வீணாப்போவும் கண்ணு"ன்னாங்க. அச்சடிச்ச பைய நாலா மடிச்சு என் கையிலயே குடுத்துட்டு போனாங்க.

நேர்மையா_சொன்னா

ஒண்ணு ரெண்டு பேர வச்சு பொதுவா பேசாதீங்க மேடம்.

களப்பணி_அக்கா

நீங்க எத்தன பேர வச்சு பேசுனீங்க?

கோரிமேடு_பேரன்

சண்டைக்கு நடுவுல ஒண்ணு சொல்லிக்கிறேன். ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு முன்னாடி எல்லாரும் செல்ஃபி எடுக்குறாங்கல்ல, எங்க பாட்டி அந்த கம்பெனியில கொஞ்ச நாள் குரூப் டான்ஸ் ஆடுனவங்க. 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்சது, தமிழோட முதல் முழுநீள கலர் படம் அங்கதான் எடுத்தாங்க, இதெல்லாம் இப்ப ஊருக்கே பெருமை. ஆனா எங்க அத்தைக்கு மாப்பிள்ளை பாத்தப்போ ரெண்டு எடம் கூத்தாடி குடும்பம்னு தட்டிப்போச்சு, மூணாவது எடத்துல மறைச்சுத்தான் கட்டிக் குடுத்தாங்க.

இப்ப டிவியில பழைய படம் போட்டா எங்க வீட்டுல எல்லாருக்கும் ஒரே ஆர்வம், பின்வரிசையில பாட்டி எங்கன்னு தேடுறது. போன பொங்கலுக்கு எங்க சித்தப்பா பையன் டிவிய நிறுத்தி வச்சு, பெருசு பண்ணி, "இதான் பாட்டி, மூக்கப் பாரு"ங்கிறான். நிஜமாவே அவங்கதான், அதே மூக்கு. பாட்டி வெங்காயம் உரிச்சுக்கிட்டே நிமிந்து பாத்துட்டு "நான் இல்ல, அது வேற எவளோ"ன்னாங்க. எப்பவும் இதே பதில்தான். மறைச்சு கட்டிக் குடுத்த அந்த அத்தையோட வீட்டுக்காரரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு.

மேட்டூர்_டேம்வாசி

@ஓமலூர்_மருமக அந்த பொண்ணுங்களுக்கு ஒரு நைட்டுக்கு எவ்ளோங்க குடுப்பாங்க?

ஓமலூர்_மருமக

மொத்த பணமும் ஏஜென்ட் கைக்குத்தான் போவுது, அந்த பொண்ணு எனக்கு 1500னுச்சு, வண்டி லேட்டானா அதுலயும் புடிப்பாங்களாம். இந்த வருசமும் அதே குரூப்ப புக் பண்ணிட்டாங்க, தலைக்கட்டு வரி எங்க அத்தைதான் முதல் ஆளா குடுத்தாங்க. ஆனா துணி மாத்த திண்ணை ரூம் தரமாட்டாங்களாம், ஸ்கூல தொறந்து விடச் சொல்றாங்க. சாவி ஹெச்எம்கிட்ட இருக்குது, புள்ளைங்க படிக்கிற எடம்னு அவரும் தரமாட்டேங்கிறாரு. எங்க வீட்டுக்காரர்தான் கமிட்டியில இருக்காரு, டிராக்டர் ட்ரெய்லர சுத்தி தார்ப்பா கட்டலாமான்னு நேத்து பேசிக்கிட்டு இருந்தாரு.